கிளாவர் ஒன்பது

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பார்சல் கொண்டுவந்த தம்பி போனில் "சார், லேண்ட்மார்க் சொல்லுங்க" என்றான். கரையான்சாவடியிலேயே பிறந்து ஐம்பத்தைந்து வருஷமாக இங்கேயே புழங்குகிறவனுக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா என்று வாயைத் திறந்தவன், மெட்ரோ தூணைச் சொல்வதா, தூணுக்குப் பின்னால் ஒளிந்துபோன பேக்கரியைச் சொல்வதா, தூணும் பேக்கரியும் வருவதற்கு முன்னால் ஆவடி ரோட்டு முனையில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தைச் சொல்வதா என்று தடுமாறி, கடைசியில் "நாயர் டீக்கடைக்கு எதிர் சந்து" என்று சொல்லிவைத்தேன். அந்தத் தம்பி பிறப்பதற்கு முன்பே மூடிவிட்ட கடை. அவன் அலட்டிக்கொள்ளவில்லை. "லொகேஷன் அனுப்புங்க சார்" என்று வைத்துவிட்டான்.

வந்தது ஓர் அலுமினியப் பெட்டி. பழைய சினிமாக்களில் வில்லனின் ஆள் பாழடைந்த பங்களாவில் மேஜைமேல் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் 'டக் டக்' என்று திறந்து எதிராளிப் பக்கம் திருப்புவானே, அச்சு அசல் அதே பெட்டி. உள்ளே நோட்டுக்கட்டுக்குப் பதிலாக ஐந்நூறு சிப்ஸ், இரண்டு கட்டு சீட்டு, 'டீலர்' என்று பொறித்த ஒரு வெள்ளை வட்டு. பெட்டியில் போட்டிருந்தபடி ஒரு சிப் பதினொன்றரை கிராம். கணக்குப் போட்டால் சிப்ஸ் மட்டுமே ஐந்தே முக்கால் கிலோ. "சிப்ஸ் வந்துடுச்சு!" என்று நான் கூவியதும் சமையல்கட்டிலிருந்து, "நேந்திரமா, உருளைக்கிழங்கா?" என்று பதில் வந்தது.

பெட்டி எனக்காக வாங்கியதில்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை ராத்திரிகளில் மகனும் அவன் ஆபீஸ் சிநேகிதர்களும் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் போக்கர் ஆடுகிறார்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து; டெக்ஸாஸ் ஹோல்டம் என்று பெயர். பதின்மூன்று சீட்டை விசிறி மாதிரி விரித்துப் பிடித்து வளர்ந்த கைக்கு, இரண்டு சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்வது பந்தியில் அப்பளத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது. ஆனாலும் சேர்ந்துகொண்டேன். ஜேம்ஸ் பாண்டே 'கேசினோ ராயல்' நாவலில் பாக்கரா ஆடியவர்தான். 2006-இல் அதைப் படமாக எடுத்தபோது அவரும் ஹோல்டமுக்கு மாறிவிட்டார். அவருக்கு இல்லாத வைராக்கியம் எனக்கு எதற்கு?

சீட்டாட்டத்துக்கும் எங்கள் ஊருக்கும் பெயரிலேயே பொருத்தம் உண்டு என்பது என் சித்தப்பாவின் ஆராய்ச்சி. கரையான்சாவடி, அடுத்தாற்போல் குமணன்சாவடி, அந்தப் பக்கம் வேலப்பன்சாவடி. சாவடி என்றால் வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறிப் போகிற இடம். வண்டிமாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, விடிகிற வரைக்கும் அவர்கள் என்ன செய்திருப்பார்கள், தேவாரமா பாடியிருப்பார்கள் என்று கேட்பார். 2025 மார்ச்சில் பூந்தமல்லியிலிருந்து மெட்ரோவின் சோதனை ஓட்டம் நடந்தபோது, ரயில் முல்லைத் தோட்டம் வரைக்கும் வந்து, எங்கள் ஊருக்கு ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே நின்றுகொண்டது. சித்தப்பா இருந்திருந்தால், சாவடிக்குள் நுழைந்தால் சீட்டில் உட்கார்த்திவிடுவார்கள் என்று ரயிலுக்கே பயம் என்றிருப்பார்.

சித்தப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன பட்டறையில் வேலை. பவர் பிரஸ் ஓட்டுகிறவர். தகட்டை உள்ளே தள்ளி, பெடலை மிதித்தால், மேலேயிருந்து பஞ்ச் இறங்கி 'தொம்' என்று ஒரு வாஷரைக் கடித்துத் துப்பும். வாஷர் சைக்கிளுக்கோ பம்புக்கோ போய்விடும். வாஷரின் நடு ஓட்டையிலிருந்து கழன்று விழுகிற பில்லை மட்டும் டிரம்மில் குவிந்து, எடைக்குப் போகும். அந்தப் பில்லைகளை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி, டிபன் கேரியரின் அடி அடுக்கில் போட்டு, சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு அவர் வீட்டுக்கு வருகிற சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். சாப்பாடு உள்ள கேரியர் அப்படிச் சத்தம் போடாது.

நாங்கள் பிள்ளைகள் அதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கிரீஸ் போக மரத்தூளில் புரட்டி எடுப்போம். ஓரத்தில் பிசிறு இருக்கும், விரலைக் கிழிக்கும். அதை அரத்தால் ராவுவது என் வேலை. ஒரு பில்லைக்கு நாலு இழுப்பு, திருப்பி நாலு இழுப்பு. எட்டணா நாணயத்தின் அகலம்கூட இருக்காது, ஆனால் கையில் நல்ல கனம். கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சிவப்பு எனாமலை ஒரு பாதிக்குப் பூசி, வெயிலில் காயவைத்தோம். வெறும் பில்லை ஒரு பாயிண்ட், சிவப்பு பத்து. இதைத் தவிர, எஸ்டேட்டில் எவனோ கொடுத்த பித்தளைப் பில்லை ஏழு இருந்தது. அதற்கு மட்டும் ஆணியால் நடுவில் ஒரு புள்ளி குத்தினார் சித்தப்பா. பித்தளை ஒன்று கையிலிருந்தால், நாயர் கடையில் ஒரு மசால் வடை. எங்கள் வீட்டு ரிசர்வ் வங்கி வடையின் மேல்தான் நோட்டு அடித்தது.

அதற்கு முன்னால் புளியங்கொட்டைதான். அது நன்றாகவே வேலை செய்தது, ஒரே ஒரு குறை: யார் வேண்டுமானாலும் சமையலறை ஜாடியிலிருந்து எடுத்துக்கொண்டு வரலாம். பணவீக்கம் என்றால் என்ன என்பதை நான் பிளஸ் டூ புத்தகத்துக்கு முன்பே, அத்தை மகன் டிராயர் பாக்கெட்டில் கண்டுகொண்டேன்.

சீட்டுக்கட்டு விஷயம் வேறு. வீட்டில் இருந்தவை இரண்டு கட்டு, ஒன்று சிவப்பு முதுகு, ஒன்று நீலம். சித்திரை மாத வியர்வையில் சீட்டெல்லாம் பிசுபிசுத்து, கலைத்தால் மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டு வரும். குட்டிக்கூரா பவுடரைத் தூவி, துணியால் துடைத்து, பாயை விரித்து அதன்மேல் ஆற்றுவோம். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டு ராஜா ராணிகள் புதுமணத் தம்பதி மாதிரி மணப்பார்கள். ஆயாவுக்குச் சீட்டைக் கைக்குள் வைத்துக் கலைக்க வராது. எல்லாச் சீட்டையும் கவிழ்த்து ஜமக்காளத்தில் பரப்பி, இரண்டு உள்ளங்கையாலும் வற்றலைத் துழாவுவதுபோலத் துழாவித் திரட்டுவார். "இது கலைக்கிறதா, கோலம் அழிக்கிறதா?" என்று நான் கேலி செய்திருக்கிறேன். இப்போதுதான் தெரிகிறது, காசினோக்களில் புதுக் கட்டைப் பிரித்தால் முதல் காரியமாக அப்படித்தான் மேஜையில் பரப்பித் துழாவுகிறார்கள்; அதற்கு 'வாஷ்' என்று பெயர். கத்தரித்துச் சொருகிக் கலைப்பதென்றால் ஒரு கட்டு சரியாகக் கலைய ஏழு தடவை வேண்டும் என்று டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரண்டு கணித நிபுணர்கள் 1992-இல் நிறுவினார்கள். சித்தப்பா மூன்று தடவையோடு நிறுத்திக்கொள்வார். எங்கள் தோல்விகளுக்கு அறிவியல் காரணம் கிடைக்க அத்தனை வருஷம் ஆயிற்று.

நீலக் கட்டில் கிளாவர் ஒன்பது தொலைந்தது 1986 கோடை விடுமுறையில். அரிசிப் பானைக்குப் பின்னால், தையல் மிஷின் டிராயரில், கடைசியில் அண்டை வீட்டு நாயின் மேல்கூடச் சந்தேகப்பட்டுத் தேடினோம். ஒரு சீட்டுக்காகக் கட்டையே தூக்கிப் போடுகிற வசதி யாருக்கும் இல்லை. யாரோ கல்யாணத்துக்கு வந்த கெட்டிப் பத்திரிகையை அளவெடுத்து வெட்டி, ஹீரோ பேனாவால் ஒன்பது கிளாவர் இலை வரைந்து, மூலையில் 9 போட்டு நானே ஒன்று தயாரித்தேன். முன்பக்கம் பழுதில்லை. பின்பக்கத்தில்தான், வெட்டு எங்கே விழுந்ததோ அங்கே, 'சுற்றமும் நட்பும் சூழ' என்ற மூன்று வார்த்தை தங்க எழுத்தில் நின்றுவிட்டது.

அதிலிருந்து எங்கள் வீட்டு ரம்மியின் சட்டமே மாறிப்போனது. இரண்டு கட்டு, நூற்றுச் சொச்சம் சீட்டில் ஒரே ஒரு சீட்டு யாரிடம் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். அதைக் கையில் வாங்கியவர் ஏழு எட்டு ஒன்பது சேர்க்கிறாரா என்று எல்லாரும் மோப்பம் பிடிப்பார்கள். ஒருத்தரும் கிளாவர் எட்டையும் பத்தையும் கீழே போடமாட்டார்கள். சிலர் சுற்றமும் நட்பும் வந்தவுடனேயே "ஸ்கூட்" என்று கவிழ்த்துவிடுவார்கள், போனால் போகிறது இருபது பாயிண்ட் என்று. நான் மட்டும் வேண்டுமென்றே அதைக் கடைசி வரை வைத்திருந்து, ஒன்பதே எனக்கு வேண்டாத திசையில் ரம்மி சேர்த்து ஏமாற்றப் பார்ப்பேன். எதிரிகளைக் குழப்புகிற மகா தந்திரம் என்று அப்போது நினைப்பு. ஸ்கோர் எழுதிய காலண்டர் தாள்களில் என் பெயருக்கு நேரே எண்பது எண்பதாக நின்றது.

காலேஜ் முதல் வருஷம், இந்த அவமானத்துக்கு முடிவு கட்ட, மூன்று மாதம் சேர்த்த பணத்தோடு 54 பிடித்துப் பாரிமுனைக்குப் போனேன். பர்மா பஜாரில் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் சீட்டு கிடைக்கும், தண்ணீரில் கழுவலாம், நூறு வருஷம் உழைக்கும் என்று கேள்வி. ஒரு கடையில் கறுப்புப் பெட்டி, தங்க விளிம்பு, மேலே செல்லோபேன் தாள். பெட்டியில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன் ஒரு கடைக்காரரிடம் அர்த்தம் கேட்பதா? பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு, ஜன்னல் சீட்டில் மடியில் வைத்துத் தடவியபடியே வீடு வந்து சேர்ந்தேன். ஜமக்காளத்தில் உட்கார்ந்து, எல்லாரையும் கூப்பிட்டு, சபை நடுவே செல்லோபேனை உரித்தேன். ஆஸ் இருந்தது, ராஜா இருந்தார், ராணி, ஜாக்கி, பத்து, ஒன்பது. அப்புறம் மறுபடியும் ஆஸ், ராஜா, ராணி. எட்டில்லை, ஏழில்லை, இரண்டு வரைக்கும் ஒன்றுமே இல்லை. அது பினக்கிள் என்று அமெரிக்கர்கள் ஆடுகிற வேறோர் ஆட்டத்துக்கான கட்டு. ஒன்பதிலிருந்து ஆஸ் வரை ஒவ்வொன்றும் இரண்டிரண்டு, மொத்தம் நாற்பத்தெட்டு சீட்டு. பெட்டியில் எழுதியிருந்ததே அதுதான்.

சித்தப்பா கட்டை விரித்துப் பார்த்து, வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஒரு ஒம்போதைத் தொலைச்சோம். புள்ள எட்டு ஒம்போது வாங்கியாந்திருக்கான்" என்றார். அதில் கிளாவர் ஒன்பதே இரண்டு. ஆனால் முதுகு கறுப்பு. நீலக் கட்டில் சேர்த்தால் கல்யாணப் பத்திரிகையை விடவும் தூரத்திலேயே தெரியும். சுற்றமும் நட்புமே பதவியில் தொடர்ந்தது.

ஆயாவுக்கு விரல் முட்டிகள் வீங்கி, பதின்மூன்று சீட்டைப் பிடிக்க முடியாமல் போனபோது, அதற்கும் ஒரு கருவி செய்தோம். பழைய ஹவாய் செருப்பின் அடியை எடுத்து, பிளேடால் நீளவாக்கில் கீறி, அதற்குள் சீட்டுகளைச் செருகி நிறுத்தினேன். பிரமாதமாக நின்றது. ஆயா பார்த்தார். "ஏன்டா, ராணியக் கொண்டாந்து செருப்பு மேல நிக்க வெக்கிறியே, இன்னா கொழுப்புடா உனுக்கு?" அத்தோடு அந்தக் கண்டுபிடிப்பு குப்பைக்குப் போனது. தெருவில் யாருக்கோ கட்டில் செய்துகொண்டிருந்த ஆசாரி, ஒரு சாண் ரீப்பர் துண்டை எடுத்து, ரம்பத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் காடி போட்டுக் கொடுத்தார். சீட்டுகள் லேசாகப் பின்னால் சாய்ந்து, திண்ணையில் சுவரோடு சாய்ந்த கிழவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்தன. ஆயாவுக்குப் பக்கத்து இடம் எனக்கு. பதின்மூன்றும் எனக்குத் தெரியும். பல வருஷம் இதை என் சாமர்த்தியம் என்றே நம்பியிருந்தேன். ஜோக்கர் வந்தால் ஆயா அதை மட்டும் ரீப்பரில் நிறுத்தாமல் தொடைக்கடியில் வைத்துக்கொள்வார் என்பது, அவர் போன பிறகு சித்தி சொல்லித்தான் தெரியும்.

இத்தனைக்கும் சிவராத்திரியும் வைகுண்ட ஏகாதசியும் தவிர மற்ற நாளில் வீட்டில் சீட்டைத் தொடக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. சித்தப்பா உடனே சட்டம் பேசுவார். செகந்திராபாத்தில் ஒரு கிளப்பை போலீஸ் பிடித்து, வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், மூன்று சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் இல்லை, விழுந்த சீட்டை ஞாபகம் வைத்து எதை வைப்பது எதை விடுவது என்று யோசிக்க வேண்டும், அதனால் ரம்மி திறமை ஆட்டம் என்று அறுபதுகளின் கடைசியில் தீர்ப்பானதை, தன் பெயருக்கு வந்த பட்டாபோல எடுத்து வைப்பார். "திறமை இருக்கிறவன் ஆடட்டும், நீ எதுக்கு ஆடுற?" என்பார் அப்பா. பத்து மணிக்கு அம்மா வந்து மெயினை இறக்கிவிடுவாள். மேல்முறையீடு கிடையாது.

அந்த அம்மா வேலையைப் பிற்பாடு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஆட்டம் போனுக்குள் புகுந்து, ஜமக்காளம் இல்லாமல், எதிரே ஆள் இல்லாமல், படுக்கையில் ஒருக்களித்தபடியே சம்பளத்தைத் தொலைக்கிற வசதி வந்தபோது, ஊரில் சில வீடுகளில் நடந்ததைச் சிரித்துக்கொண்டு எழுத முடியாது. 2021-இல் ஒரு சட்டம், அது ஹைகோர்ட்டில் அடிபட்டது, 2022-இல் இன்னொன்று, 2025 தொடக்கத்தில், ராத்திரி பன்னிரண்டிலிருந்து காலை ஐந்து வரை காசு வைத்து ஆன்லைனில் ஆடக் கூடாது, ஆதாரைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று விதி. படித்தபோது எனக்கு அம்மாவும் ஆயாவும்தான் ஞாபகம் வந்தார்கள், மெயினை இறக்குகிறவள் ஒருத்தி, வாசலில் புது முகம் தெரிந்தால் "யாரு ஊட்டுப் புள்ள நீ?" என்று விசாரிக்கிறவள் இன்னொருத்தி. அந்த வருஷம் ஆகஸ்டில் மத்திய அரசு காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே மொத்தமாகத் தடை செய்தது.

மொட்டைமாடிக்கு வருவோம். அங்கே என் இளமையின் எல்லாக் குறைகளுக்கும் விடை இருக்கிறது. சுருட்டி எடுத்துப்போகிற பச்சை விரிப்பு; சீட்டு அதில் வழுக்கி அவரவர் இடத்துக்கே போய் நிற்கிறது. வியர்வை ஒட்டாத பிளாஸ்டிக் சீட்டு. டீ கொட்டினால் குழாயடியில் கழுவிக் கொள்ளலாம். நாம் பழகிய ஐம்பத்தேழு மில்லிமீட்டர் சீட்டு இல்லை, அறுபத்து மூன்று. எண்கள் கண் டாக்டர் அட்டையில் இருப்பதுபோலப் பெரிசு. தோற்றால் கடைசியில் போனிலேயே கணக்குத் தீர்கிறது, தலைக்கு இருபது முப்பது ரூபாய். யாரும் யார் சீட்டையும் எட்டிப் பார்ப்பதில்லை. எட்டிப் பார்க்க வாகாக யாரும் ஒட்டி உட்காருவதும் இல்லை, எல்லாருக்கும் தனித்தனி நாற்காலி.

முதல் வாரமே ஒரு சிப் நாற்காலிக் காலுக்கடியில் மாட்டி நெரிந்தது. ஐந்நூறில் ஒன்று போனால் என்ன என்று பையன்கள் ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். நான் எடுத்துப் பார்த்தேன். சிவப்பும் வெள்ளையுமான பிளாஸ்டிக் ஓடு இரண்டாகப் பிளந்து, நடுவில் ஒரு வட்டமான இரும்புத் தகடு பல்லிளித்தது. கனத்துக்காக வைத்தது. ஓட்டிலிருந்து கழற்றி உள்ளங்கையில் போட்டேன். எங்கேயோ ஒரு பவர் பிரஸ் 'தொம்' என்று கடித்துத் துப்பிய பில்லை. ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினேன். பிசிறு அப்படியே இருந்தது, யாரும் அரம் போடவில்லை.

கீழே போய் பரணில் ஏறி, பிஸ்கட் டப்பாவை இறக்கினேன். "இந்த வயசில் பரணா?" என்ற குரலை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன். சிவப்பு உரிந்த பில்லைகள் நாற்பது போல இருந்தன. பித்தளை ஒன்றே ஒன்று, நடுவில் புள்ளியோடு. அதை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வந்தேன்.

அடுத்த ஆட்டத்தில் என் முறை வந்தபோது அதை நடுவில் வைத்தேன். ஆட்டம் நின்றது. கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி, மகனோடு வேலை பார்க்கிறவள், அதை எடுத்துப் புரட்டிப் பார்த்து, "அங்கிள், இது எவ்ளோ?" என்றாள்.

"ஒரு மசால் வடை."

யாரும் சிரிக்கவில்லை. அவள் கன்னத்தில் விரலை வைத்து யோசித்தாள். "ரெண்டு வடை ரெய்ஸ்" என்று போனை எடுத்து, பூந்தமல்லியில் இந்நேரத்துக்கு எந்தக் கடை திறந்திருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள்.

என் சீட்டு இரண்டையும் மறுபடி லேசாகத் தூக்கிப் பார்த்தேன். ஒன்று டைமண்ட் மூன்று, இன்னொன்று கிளாவர் ஒன்பது. அதைத் திருப்பி முதுகைப் பார்த்தேன். நீலக் கட்டங்கள், அவ்வளவுதான்.

"ஸ்கூட்" என்றேன்.

"ஃபோல்டுன்னு சொல்லணும்ப்பா" என்றான் மகன்.